இருள் யாருக்குச் சொந்தம்?

சென்ற பங்குனி அமாவாசையன்று புல்மோட்டைக் கரையிலே ஒரு முதிய மீனவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். நாலைந்து சொற்களுக்கு மேற்படாத கேள்வி. இன்பம், கடமை, உரிமை என்று தத்துவ நூல்கள் அதிகாரம் அதிகாரமாக ஆராயும் பிரச்சினை ஒன்று அதற்குள் அடங்கிக் கிடந்ததை அப்போது நாம் உணரவில்லை. அவருக்குச் சரியான மறுமொழி சொல்லாமலே வந்துவிட்டோம் என்ற உறுத்தல்தான் இதை எழுத வைக்கின்றது.

நாம் அங்கே போனது விண்மீன் பார்ப்பதற்கு. எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் இப்போது இலண்டனில் வாழ்கிறார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஊர் பார்க்க வந்தவர், கொழும்பிலே ஒரு கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறிய கழிவறை எல்லாம் ஒரே வண்டிக்குள் அடங்கியிருந்தன. விடுதியும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம். விரும்பிய இடத்தில் நிறுத்தி இரவைக் கழிக்கலாம். தமது மூன்று வாரத்திலும் இலங்கையின் மிக இருண்ட இடங்களைத் தேடித் தேடித் தங்க வேண்டும் என்பது அவரது ஆசை. அதைக் கேட்டவுடன் எமக்குச் சற்று எரிச்சலே உண்டாயிற்று. இருளிலிருந்து தப்பிப் போனவர் இருளைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறாரே என்று நினைத்தோம். அவருடைய தொழில் என்னவென்று அறிந்தபோது அந்த எரிச்சல் தணிந்தது. ஒரு பெரிய களஞ்சியத்திலே அவருக்கு இரவு வேலை. மாலை ஆறு மணிக்கு உள்ளே போனால் விடிந்த பிறகே வெளியே வருவார். கூரை முழுவதும் வெண்குழல் விளக்குகள். "பதினைந்து வருஷமா நான் இரவையே காணேல்லை மச்சான்" என்றார். இரவை இழந்தவர் இரவைத் தேடி வந்திருந்தார்.

இருண்ட இடத்தைத் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலாவது, நாள். நிலவு இருக்கக் கூடாது. ஆகவே அமாவாசையை ஒட்டிய நான்கைந்து இரவுகள். இரண்டாவது, பருவம். எமது கிழக்குக் கரையில் ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றும் மழையும். மாசிக்குப் பின்னரே வானம் கழுவி விட்டாற்போல் ஆகும். மூன்றாவது, நகரத்திலிருந்து தூரம். பெரிய பட்டினமொன்றின் ஒளிப்புகை ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பாலும் அடிவானத்திலே மங்கலான குமிழாகத் தெரியும். நான்காவது, எந்தத் திசை திறந்திருக்கின்றது என்பது. கிழக்கே கடல் இருந்தால், கடலிலே விளக்குப் படகுகள் இல்லாவிட்டால், எழுகின்ற விண்மீன்களை நீர் விளிம்பிலிருந்தே காணலாம். ஜோன் போட்டில் என்னும் அமெரிக்க வான்நோக்குநர் 2001இல் இருளை ஒன்பது படிகளாக வகுத்தார். நகர நடுவிலுள்ள வானம் ஒன்பதாம் படி. முதற் படியில் பால்வீதியின் ஒளியிலேயே நிலத்தில் நிழல் விழுமாம்.

இவை எல்லாவற்றையும் விட நண்பர் நம்பியது ஒரு படத்தை. 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்னும் அமெரிக்கச் செய்மதி, பூமியின் இரவு முகத்தை நாள்தோறும் படமெடுத்து வருகின்றது. அத்தகைய படங்களைக் கொண்டு வரைந்த ஒளி வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் வைத்திருந்தார். கொழும்பு வெள்ளையாகக் கொதித்தது. நீர்கொழும்பிலிருந்து காலி வரை கரையோரம் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டி. கண்டி ஒரு பொட்டு, யாழ்ப்பாணம் ஒரு பொட்டு, திருகோணமலை ஒரு பொட்டு. திருகோணமலைக்கு வடக்கே முல்லைத்தீவு நோக்கிப் போகும் கரை பெரும்பாலும் கறுப்பு. அந்தக் கறுப்பின் நடுவே விரலை வைத்தார். விரலுக்கடியில் புல்மோட்டை இருந்தது. "இதுதான் நல்ல இருட்டு" என்றார்.

நிலாவெளியையும் குச்சவெளியையும் கடக்கும் வரை வீதியோரத்திலே உல்லாச விடுதிகளின் வெளிச்சம் தொடர்ந்து வந்தது. அதன் பிறகு வெளிச்சம் பின்தங்கிப் போயிற்று. யான் ஓயாவைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. புல்மோட்டை இருளில் கிடக்கும் ஊரன்று. கடைத்தெருவும் பள்ளிவாசலும் பாடசாலையும் வைத்தியசாலையும் உள்ள ஊர். ஊரை விட்டு விலகிக் கரையோரமாகச் செல்லும் பாதையிலேதான் நண்பர் தேடிய இருட்டு இருந்தது. மீனவர் வாடிகளுக்குச் சற்று அப்பால், மணல் இறுகிய ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினோம்.

அந்த மணலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் போக முடியாது. புல்மோட்டை மணல் கறுப்பு. இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன் முதலிய கனிமங்கள் செறிந்த மணல் அது. 1957இல் அரசு இதற்கென ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. இன்றும் அரசுக் கம்பனியே மணலை அள்ளிப் பிரித்து ஏற்றுமதி செய்கின்றது. இல்மனைற்றிலிருந்து எடுக்கப்படுவது தைத்தானியம் ஈரொட்சைட்டு. உலகத்தின் வெள்ளைப் பூச்சு எல்லாவற்றிலும், கடதாசியிலும், பற்பசையிலும், சுவர் மையிலும் வெண்மையைத் தருவது அப்பொருளே. எமது கரையின் கறுப்பு மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறிப் போய், எங்கோ ஒரு தேசத்துச் சுவரை வெள்ளையாக்குகின்றது. வெள்ளையாக்கும் தொழிற்சாலையும் அதன் இலாபமும் அங்கே. கறுப்பு மணலும் கறுப்பு இரவும் இங்கே.

விளக்குகளை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். கண் இருளுக்குப் பழகுவதற்கு அரைமணி நேரம் வேண்டும் என்பர். அதுவரை வானம் சாதாரணமாகவே தெரியும். பிறகு யாரோ திரையை மெல்ல மெல்ல இழுப்பது போல் அது ஆழமாகிக்கொண்டே போகும். எட்டு மணிக்கு மேற்கே அறுமீன் தாழ்ந்துகொண்டிருந்தது. தென்மேற்கே அகத்தியர் விண்மீன். வடக்கே துருவ மீன் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 9 பாகை உயரத்தில், கடற்புகையில் மங்கித் தெரிந்தது. புல்மோட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையளவில் இருப்பதால் அம்மீனும் அவ்வளவே உயர்ந்து நிற்கும். பண்டைக் கப்பலோட்டிகள் தாம் நிற்குமிடத்தைக் கணித்ததும் இம்முறையாலேயே. 'கணியன்' என்ற எமது பழஞ்சொல் வானைப் பார்த்துக் கணித்தவனையே குறித்தது. சொல்லைப் பல ஆண்டுகளாக வகுப்பிலே கற்பித்து வருகிறோம்; அச்சொல் குறிக்கும் தொழிலை அன்றுதான் கண்ணாற் கண்டோம்.

ஒன்பது மணியளவில் வாடிப் பக்கமிருந்து ஒரு ரோச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது.

"ஆரு அது?"

"நாங்கள் திருகோணமலையிலிருந்து வந்தனாங்கள், காக்கா. நான் அங்கை படிப்பிக்கிறன். வெள்ளி பார்க்க வந்தம்."

"வெள்ளி பாக்கவா? அங்க வெள்ளி இல்லையா, மாஸ்டர்?"

"இருக்கு. ரவுன் வெளிச்சத்திலை தெரியாது. இங்கை நல்ல இருட்டு."

எழுபதை எட்டியிருப்பார். ரோச்சை அணைத்துவிட்டு எமக்குப் பக்கத்தில் மணலிலே குந்தினார். வண்டிக்குள்ளிருந்து தேநீர் வந்தது. அறுமீனைச் சுட்டிக்காட்டி, அது எந்த மாதத்தில் எந்நேரம் எழும் என்று சொன்னார். விடிவெள்ளி என்று மயங்கி நள்ளிரவிலே வழிப்பயணம் புறப்பட்ட செட்டி ஒருவன் மாண்டு போன கதையையும், அவனை ஏமாற்றிய வெள்ளி எது என்பதையும் சொன்னார். எமது நண்பர் புத்தகத்திலும் கைத்தொலைபேசியிலும் கற்றதை அவர் தோணியிலிருந்து கற்றிருந்தார். பிறகு வெகு இயல்பாக, தேநீர்க் கோப்பையைத் திருப்பித் தந்துகொண்டே சொன்னார்: "இந்த ரோட்டுக்கு லைற் போடச் சொல்லி நாங்க கடிதம் குடுத்திருக்கம். பிள்ளைகள் ரியூசன் முடிஞ்சு வாற பாதை. அங்கால பத்தைக்குள்ள யானையும் நிக்கும். லைற் வந்தா நீங்க வரமாட்டீங்களா?"

அதிலே கேலி இருந்திருந்தால் சிரித்து மழுப்பியிருக்கலாம். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். விருந்தாளிக்கு இடைஞ்சல் வந்துவிடுமோ என்ற யோசனைகூட அக்குரலில் இருந்தது. "அப்படியில்லை, காக்கா" என்று ஏதோ சொன்னோம். என்ன சொன்னோம் என்பது இப்போது நினைவில் இல்லை.

நண்பரின் ஒளி வரைபடத்துக்குத் திரும்புவோம். ஹென்டர்சன், ஸ்ரோறிகார்ட், வெய்ல் என்னும் மூன்று பொருளியலாளர் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். நம்பத்தக்க புள்ளிவிபரம் இல்லாத நாடுகளின் பொருளாதார வளர்ச்சியை, விண்ணிலிருந்து தெரியும் இரவு ஒளியைக் கொண்டு அளவிடலாம் என்பது அவர்களது முடிபு. அதன் பின் வறுமை எங்கே செறிந்திருக்கின்றது என்று அறிய விரும்பும் ஆய்வாளர் பலர் இரவுப் படங்களைப் புரட்டலாயினர். ஆகவே விண்மீன் பார்க்க இருட்டைத் தேடுபவனும் வறுமையைத் தேடும் ஆய்வாளனும் ஒரே படத்தையே விரித்து வைத்திருக்கிறார்கள். இருவர் விரலும் ஒரே கறுப்பின் மேலேயே படிகின்றது. ஒருவர் "ஆகா" என்கிறார். மற்றவர் "அந்தோ" என்கிறார். அந்தக் கறுப்புக்குள் வாழ்பவரை எவரும் இன்னும் கேட்கவில்லை.

கறுப்பெல்லாம் வறுமையன்று என்பதையும் சொல்ல வேண்டும். காடு கறுப்பு, கடல் கறுப்பு, அவை அப்படியே இருக்கட்டும். மனிதர் வாழுமிடத்துக் கறுப்பைப் பற்றியதே எமது வழக்கு. இலங்கையில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் மின்கம்பி எட்டிவிட்டது என்பது உண்மை. கம்பி எட்டியதனால் வெளிச்சம் எட்டியதாகாது. 2022 ஓகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. கட்ட முடியாதவரின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த வீட்டுக்கு மேலேயும் வானம் தெளிவாகவே தெரியும். 2022 மார்ச் இறுதியிலே நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அந்த இரவுகளில் கொழும்பின் வானமும் துலங்கியிருக்கும். மெழுகுதிரி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த மாணவனிடம் போய், "தம்பி, மேலே பார், எவ்வளவு அழகு" என்று சொல்லும் துணிவு எவருக்கு வரும்?

எமக்கும் நண்பருக்கும் இது ஏட்டுப் பிரச்சினையன்று. 1990களிலே வன்னியில் வளர்ந்த பிள்ளைகள் நாம். மின்சாரம் என்பது பெரியவர்கள் சொல்லும் பழங்கதை. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடையினால் பொன் விலை விற்றது. ஒரு ஜாம் போத்தலின் அடியிலே சிறிது எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரியைக் கம்பியிலே கோத்து, கண்ணாடிக்குள் எரியவிட்ட விளக்கே எமது பள்ளிக்கூடம். நாலு பிள்ளைகள் ஒரு விளக்கைச் சுற்றிப் படிப்போம். நிழல் விழுகின்றதென்று சண்டை பிடிப்போம். இப்போது எண்ணிப் பார்த்தால், அந்த வானம் போட்டிலின் முதலாம் இரண்டாம் படிக்குக் குறைந்ததாக இருந்திராது. பால்வீதி கூரைக்கு மேலே ஆறு போல் ஓடியிருக்கும். அதைப் பார்த்த நினைவு எம் இருவருக்குமே இல்லை. அண்ணாந்து பார்த்ததெல்லாம் விமானத்தின் இரைச்சல் கேட்டபோதுதான். விமானம் வந்தால் முதல் வேலை, ஜாம் போத்தலை ஊதி அணைப்பது. இருள் அப்போது எமக்கு ஒரு பதுங்குகுழியாக இருந்தது. அதை அழகென்று சொல்ல வேண்டுமானால், அஞ்சாமல் அண்ணாந்து பார்க்கும் உரிமை முதலில் கிடைத்திருக்க வேண்டும்.

நாம் வண்டி நிறுத்திய அந்தக் கரையும் வெறுங்கரை அன்று. 2009 மார்ச் மாதத்தில் இந்திய மருத்துவக் குழுவொன்று புல்மோட்டையிலே கள வைத்தியசாலை அமைத்தது. புதுமாத்தளன் பக்கமிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலிலே கொண்டுவரப்பட்ட காயக்காரர் இங்கேதான் இறக்கப்பட்டனர். அதுவும் பங்குனி மாதம். எம் நண்பரின் படத்திலே அந்தக் கரைக்கு உரிய குறிப்பு ஒன்றே ஒன்று: செயற்கை ஒளி குறைவு. இருண்ட இடத்தைத் தேடுபவன் அறியாமலே செய்யும் தவறு இதுவாக இருக்கலாம். ஒளி இல்லாத இடத்தை அவன் ஆளில்லாத இடமாகவும் கதையில்லாத இடமாகவும் எண்ணிவிடுகிறான்.

ஜேர்மானியத் தத்துவ ஞானி கான்ற், 1788இல் வெளிவந்த நூலொன்றின் முடிவிலே, விண்மீன் வானத்தையும் மனிதன் உள்ளத்திலுள்ள அறநெறியையும் தம்மை வியக்க வைத்த இரண்டாகச் சேர்த்துச் சொன்னார். கான்றின் காலத்தில் மின்விளக்கு இல்லை. செல்வனுக்கும் வறியவனுக்கும் வானம் ஒரே அளவில் இருண்டிருந்தது. ஆகவே அவருக்கு அவ்விரண்டும் பக்கம் பக்கமாக அமைதியாக நின்றன. எமது காலத்திலோ அவை ஒன்றோடொன்று வழக்காடுகின்றன. வானத்தை வியக்க வேண்டுமானால் பிறருடைய பாதை இருண்டிருக்க வேண்டும் என்று வரும்போது, உள்ளத்து அறநெறி அந்த வியப்பைப் பார்த்து முகம் சுளிக்கின்றது.

அப்படியானால் வான்நோக்குவதை விட்டுவிட வேண்டுமா? "மக்களுக்கு விளக்கு இல்லை, உமக்கு விண்மீனா?" என்று கேட்டு வாயடைக்கும் தோழர்களும் உளர். அந்தக் கேள்வியை நாம் ஏற்கவில்லை. உழைப்பவனுக்குச் சோறு மட்டும் போதும், அழகும் அறிவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது முதலாளியின் வாதம். அதை நாம் ஏன் சொல்ல வேண்டும்? 2016இல் இத்தாலிய விஞ்ஞானி பல்கியும் அவரது குழுவினரும் வெளியிட்ட உலக வரைபடத்தின்படி, மனித குலத்தில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் ஒளியால் மாசடைந்த வானத்தின் கீழ் வாழ்கின்றனர். மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வீதியே தெரியாது. இந்த மூன்றில் ஒரு பங்கினர் எல்லோரும் செல்வந்தரா? கொழும்பிலே ஓர் அறைக் குடியிருப்பில் வாழும் தொழிலாளியின் பிள்ளை நினைவுக்கு வரட்டும். விளம்பரப் பலகைகளின் வெளிச்சம் அவனது தூக்கத்தைக் கெடுக்கின்றது. அவனது ஒழுங்கைக்குள்ளோ விளக்கு எரிவதில்லை. கண்ணைக் கூசவைக்கும் ஒளி தலைக்கு மேலே. கால் வைக்கும் இடத்தில் இருட்டு. விளக்கின் நன்மை ஒருவருக்கும் அதன் கழிவு இன்னொருவருக்கும் போய்ச் சேர்வதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை. அப்பிள்ளை பால்வீதியைப் பார்க்க வேண்டுமானால் யாராவது கேரவனுக்குப் பணம் கட்ட வேண்டும். தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்றவர்கள் வானத்தையும் இருக்கைக் கணக்கில் விற்பதற்கு வெகுநாள் ஆகாது. 2019 முதல் தனியார் கம்பனியொன்றின் செய்மதிகள் மணி கோத்தாற்போல் வரிசையாக மேலே போவதைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது மிகையாகத் தோன்றாது.

ஆகவே இருளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது. ஒருவன் மீது சுமத்தப்பட்ட இருள் ஒன்று. ஓர் ஊர் தானே கூடித் தீர்மானித்துக் காப்பாற்றும் இருள் மற்றொன்று. பின்னதற்கு ஓர் உதாரணம் லடாக்கிலுள்ள ஹன்லே. கடல் மட்டத்துக்கு மேல் 4500 மீற்றர் உயரத்தில் இந்தியாவின் வானாய்வு நிலையமொன்று அங்கே உண்டு. அதைச் சூழ்ந்த 1073 சதுர கிலோமீற்றர் பரப்பு 2022இல் இருள்வான் காப்பகமாக்கப்பட்டது. ஹன்லேக் கிராமங்களுக்கு மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. யன்னல்களுக்குத் தடித்த திரைகள், விளக்குகளுக்கு மூடிகள் வழங்கப்பட்டன. ஊரவர் சிலருக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்து, வருகின்றவர்களுக்கு வானத்தைக் காட்டும் வழிகாட்டிகளாக்கினர், அவ்வருமானம் அவர்களுக்கே. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலே காவலூரில் வைணு பாப்பு 1960களின் பிற்பகுதியில் தொடக்கிய நிலையமும் இருண்ட வானை நாடியே அங்கே சென்றது. மலைவாழ் மக்களின் நடுவிலே அமைந்த அந்நிலையத்தின் பயன் அம்மக்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது தனியே ஆராயத்தக்கது. ஹன்லேயும் குறையற்றதல்ல, வருகின்றவர் தொகை பெருகினால் வாகன விளக்குகளே அந்த இருளைக் கெடுத்துவிடும். ஆயினும் முறை சரியானது. முதலில் விளக்கு, பிறகு அதற்கு மூடி.

இந்த முறையை நாம் நூல்களிலே படித்து அறிந்ததாக எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். புல்மோட்டை முதியவரே அதை எமக்குச் சொன்னார். எமக்குத்தான் உடனே காதில் ஏறவில்லை.

தேநீருக்குப் பிறகு பேச்சு தொழிலுக்குத் திரும்பியது. மீனவருக்கு மாதம் இரண்டு கூறு: நிலவுக்காலம், இருட்டுக்காலம். நிலவிலே வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும்; இருட்டுக்காலத்திலேதான் படுவலைக்குப் பாடு. கரையிலே வெளிச்சம் கடல் மீது விழுந்தால் கரையோரத்து மீன் குழம்பிப் போகும். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சு கடலென்று மயங்கி வீதிப் பக்கம் ஊரும் என்றும் சொன்னார். பெரிய படகுகள் பலத்த விளக்குகளைப் பாய்ச்சி மீனை ஒரே இடத்தில் திரட்டி வாரிப் போவதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறியது. இதே கரையின் வடபால், முல்லைத்தீவில், ஒளிபாய்ச்சி மீன்பிடிப்பதற்கு எதிராகச் சிறு மீனவர்கள் 2018இல் வீதியில் இறங்கிப் போராடியதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். வெளிச்சத்தைக் கேட்டு மனுக் கொடுக்கும் அதே மக்கள் வெளிச்சத்துக்கு எதிராகவும் போராடுகிறார்கள். இதிலே முரண்பாடு காண்பவன் பட்டினத்தான். விளக்கு நல்லதா கெட்டதா என்று அவர்கள் கேட்பதில்லை. எங்கே விழுகின்றது, யாருக்காக எரிகின்றது என்றே கேட்கிறார்கள்.

"மாஸ்டர் எழுதப் படிச்ச ஆள்தானே, அந்தக் கடிதத்தைத் திருப்பி வடிவா எழுதித் தாங்களன்" என்றார் முதியவர். வண்டிக்குள் சென்று, கண்ணின் இருட்டுப் பழக்கம் கெடாதிருக்க நண்பர் வைத்திருந்த சிவப்பு விளக்கை ஏற்றி, சிறு மேசையிலே எழுதினோம். மதகடியில் ஒன்று, பாடசாலைத் திருப்பத்தில் ஒன்று, வாடிக்குப் பிரியும் ஒழுங்கை முகப்பில் ஒன்று: மூன்று விளக்குகள். முடித்துவிட்டோம் என்று நினைத்து வாசித்துக் காட்டினோம். தலையை ஆட்டினார். "இன்னொண்டு எழுதுங்க. விளக்குக்கு மேலால மூடி வேணும். வெளிச்சம் ரோட்டில விழட்டும். கடலுக்கு வேணாம்."

நண்பர் எம்மைப் பார்த்தார். இலண்டனிலே வான்நோக்குநர் கழகமொன்றில் தாம் சந்தா கட்டிப் படித்த கைநூல் முழுவதும் சொல்வது இதுவே என்று பிறகு சொன்னார். அதையும் எழுதினோம். "விளக்கின் ஒளி மேல்நோக்கியும் கடல்நோக்கியும் பரவாதவாறு மூடியிட்டு அமைத்துத் தருமாறு" என்று எமக்குத் தெரிந்த மனுத் தமிழிலே எழுதினோம்.

முதியவர் கடதாசியை வாடிக்கு எடுத்துச் சென்று, ஆறு கையொப்பங்களோடு திரும்பி வந்தார். அவற்றில் இரண்டு சிங்களத்தில் இருந்தன. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து இக்கரைக்குத் தொழிலுக்கு வருவோர் உண்டு. கரைவலைப் பாடு யாருக்கு என்பதிலே அவர்களுக்கும் இவ்வூரவருக்கும் பூசல் தீர்ந்தபாடில்லை. அதை முதியவரும் ஒளிக்கவில்லை. "லைற் எல்லாருக்கும்தானே" என்று மட்டும் சொன்னார்.

நள்ளிரவில் தெற்கே சிலுவை மீன்கூட்டம் நேராக நிமிர்ந்து நின்றது. அதற்குக் கீழே, வெகு தூரத்தில், திருகோணமலையின் ஒளிக்குமிழ் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதில் எமது வீட்டு வாசல் விளக்கின் பங்கும் இருந்தது. அதற்கு மூடி இல்லை. இரண்டு மணியளவில் பால்வீதியின் அடர்ந்த நடுப்பகுதி கடலுக்கு மேலே முழுவதுமாக எழுந்துவிட்டது. நண்பர் மணலில் மல்லாந்து கிடந்தார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. முதியவரையும் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாடிப் பக்கம் நடந்தோம். வாடியில் ஒரு பையன்தான் இருந்தான். அவர் வலை எடுக்கக் கடலுக்குப் போய்விட்டார் என்றான்.